நரிக்கூண்டின் முன்னால் முடிவான பிரசவம்

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார்கள். கேசரியும் பஜ்ஜியும் தின்பார்கள். பிடித்திருந்தால் பூ வைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். ஊர் உலகம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நகரி கங்கம்மாளுக்கு மட்டும், மகளைப் பெண் பார்க்கிற இடம் மிருகக்காட்சிசாலை என்று தலையில் எழுதியிருந்தது.

"அவங்க பாக்க வர்றது பொண்ணையா கொரங்கையா? கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சிக்கினாங்களா?" என்று சேதி வந்த நாள்முதல் கத்திக்கொண்டிருந்தாள். கத்தினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். கங்கம்மாள் சாதாரணமாகப் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும்.

அதை அவளுடைய குணம் என்று நினைத்துவிடக் கூடாது. பிழைப்பு அப்படி. பதினெட்டு வயதில் பழனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டின் பின்பக்கம் நான்கு விசைத்தறி. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவை ஓடும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் நூல் அறுந்துவிட்டது என்று சொல்லவேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கவேண்டும். இருபத்தெட்டு வருஷம் அப்படி எடுத்த குரல், தறி நின்ற பிறகு மட்டும் எப்படிச் சின்னதாகும்? நகரியில் தறிவீட்டுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து பூ வாங்கினால், புதிதாக வந்தவன் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவான்.

கத்தி அலுத்துப்போனவர்களுக்கு இன்னொரு பேச்சு உண்டு. அது சத்தமே இல்லாத பேச்சு. தறிக்கூடத்தின் இந்தக் கோடியில் நிற்கிறவள் வாயை மட்டும் அசைப்பாள். அந்தக் கோடியில் நிற்கிறவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ரகசியம் பேசுகிறவர்கள் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் கூடமே படித்துவிடும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. தறிவீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே இதுவும் வந்துவிடுகிறது. கங்கம்மாளின் ஒரே மகள் தரணிக்கும் அப்படித்தான் வந்தது.

தரணி இப்போது திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹாஸ்டல் வாசம். இதற்கு முன்னால் அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், தறி ஓடுகிற வீடா என்று கேட்டுவிட்டு அப்படியே நழுவிப் போயின. மூன்றாவதாக வந்தவன் சாய்குமார். திருப்பதியில் ஒரு ஓட்டலில் மேனேஜர். தரணி அவனிடம் போனில் பேசிப் பார்த்துவிட்டு, "நல்லமாரி பேசறாரும்மா" என்று மட்டும் சொன்னாள். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அதைச் சொன்ன அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த கங்கம்மாள், இந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்று அன்றைக்கே நகரி தேசம்மாவுக்கு வேண்டிக்கொண்டாள்.

அவர்கள் அந்நியரும் இல்லை. சாய்குமாரின் தாத்தா நகரியில் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்தவர். அவர் மகன் திருப்பதிக்குப் போய் ஜவுளிக்கடை வைத்தார். ஒரு தலைமுறை கடையில் உட்கார்ந்ததும் தறிச் சத்தம் அந்தக் குடும்பத்துக்கு ஆகாமல் போய்விட்டது. சாய்குமாரின் தாய்மாமன் விஜயராகவன் போன் செய்து, "உங்க வீட்டுல சத்தத்துல பேச முடியாதுங்களே. எங்க அக்காவுக்குத் தலைவலி வரும். மலையடிவாரத்துல சின்னதா ஒரு ஜூ இருக்குது, அமைதியா இருக்கும், குடும்பமா எல்லாரும் வர்ற இடம். அங்க பாத்துக்கலாம். பிடிக்கலன்னாலும் யாருக்கும் சங்கடமில்ல" என்றார்.

சங்கடமில்லையாம்! பெண்ணைப் பெற்றவளின் கேசரிக்கு மரியாதை இல்லாமல் போனது சங்கடத்தில் சேர்த்தி இல்லையாம். ஆனாலும் மகளின் முகம் நினைவுக்கு வந்து, கங்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கேசரியைக் கிண்டி ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டாள்.

வாசலிலேயே டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே தின்பண்டம் கூடாது. மிருகங்களுக்குப் போட்டுவிடுவார்கள்.

"சம்பந்திக்குப் போடறதுக்குக் கொண்ணாந்தது!" என்றாள் கங்கம்மாள்.

வாசலில் நின்ற காவல்காரப் பெண் உதட்டில் விரல் வைத்து, பக்கத்திலிருந்த பலகையைக் காட்டினாள். தெலுங்கில் பெரிதாக, சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அந்த இடம் முழுக்க அதே பலகைதான். புலி கிடையாது, சிங்கம் கிடையாது, வெளிதேசத்துப் பறவை ஒன்றுகூடக் கிடையாது. சேஷாசலத்துக் காட்டில் எது உண்டோ அதுதான். புள்ளிமான், நரி, உடும்பு, முள்ளம்பன்றி, நட்சத்திர ஆமை. நடுவில் வட்டமாகப் பெரிய மான் வளாகம், அதைச் சுற்றிப் பாதை, பாதையோரம் கூண்டுகள். குழந்தைகளுக்கு ஊஞ்சல், பெரியவர்களுக்குச் சிமெண்ட் பெஞ்சு. கீரிக்குக்கூட ஒரு கூண்டு வைத்துப் பெயரெழுதியிருந்ததைப் பார்த்து கங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டுப் பின்பக்கம் தினம் ஓடுகிற கீரி அது. அதைப் பார்க்க இத்தனை தூரம் வருகிறவர்களுக்கு, அவள் வீட்டுக்கு வரத் தலைவலிக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் மான் வளாகத்தருகே காத்திருந்தார்கள். சாய்குமார், அவன் அம்மா ரத்னம்மா, மாமன் விஜயராகவன். அப்பா இல்லாத பையன், மாமன் வைத்ததுதான் சட்டம். ரத்னம்மா காதோரம் மட்டும் நரைத்த, சன்னமான பெண்மணி. அவள் பேசினால் கிட்டத்தில் போய்க் காதைக் கொடுக்கவேண்டியிருந்தது. தரணியின் கன்னத்தைத் தொட்டு, "அம்மாயி பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சினாள். பெண் நன்றாயிருக்கிறாள் என்றதும் கங்கம்மாளுக்குக் கோபமெல்லாம் பறந்தது. சந்தோஷத்தில், "எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்மா!" என்றாள். கம்பியருகே நின்ற மான்கள் அத்தனையும் காதைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடின. மான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை அழுதது. ரத்னம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயால் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம்.

அதற்குப்பின் கங்கம்மாள் பேசவில்லை. தேவாங்கு வைத்திருந்த இருட்டறைக்குள் எல்லோரும் போனபோது அவள் வெளியிலேயே நின்றுகொண்டாள்.

வெளியே வந்ததும் கூட்டம் பிரிந்தது. சிறுசுகள் தனியாகப் பேசட்டும் என்று விஜயராகவன் சொல்ல, தரணியும் சாய்குமாரும் வளாகத்தின் அந்தக் கரையில் ஆமைத் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். விஜயராகவன் பழனியின் தோளில் கை போட்டு நரிக்கூண்டுப் பக்கம் கூட்டிப் போனார். கால்வலி என்று கங்கம்மாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். ரத்னம்மா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள், நேராகத் தம்பியிடம் போவது தெரிந்தது. பழனி கூண்டின் முன்னால் நரியைப் பார்த்தபடி நின்றான். அக்காவும் தம்பியும் அவனை விட்டு நாலடி தள்ளி, மான் வளாகத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் முகம் வைத்துப் பேசினார்கள்.

பாவம், திருப்பதிக்காரர்களுக்கு வாயை மறைக்கத் தெரியாது.

கங்கம்மாள் வேண்டுமென்று பார்க்கவில்லை. எதிரே ஒரு உதடு அசைந்தால் அவள் கண் படித்துவிடும், அதை அவளால் நிறுத்த முடியாது.

"பொண்ணு தங்கமா இருக்கா" என்றது ரத்னம்மாவின் உதடு. "அந்த அம்மாவத்தான் நெனச்சா பயமா இருக்கு. பிரசவத்துக்கு அங்க அனுப்ப முடியுமாடா? குழந்தைக்கு காது என்னத்துக்கு ஆகும்?"

"அதெல்லாம் பேசிட்டேன்க்கா" என்றது விஜயராகவனின் உதடு. "முதல் பிரசவமும் எங்க வீட்டுலதான், நகரிக்கு அனுப்ப மாட்டோம்னு அவர்கிட்ட தெளிவா சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டிட்டாரு. முடிஞ்சது."

கங்கம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அது சீதனமில்லை, சலுகையில்லை, யாரும் கேட்டு வாங்குகிறதில்லை. பிச்சை எடுக்கிறவள்கூட மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவாள். வளைகாப்பு போட்டு, கைநிறைய வளையலோடு கூட்டிவந்து, பத்தியம் பொங்கிப் போட்டு, பேரப்பிள்ளையைத் தன் கையால் முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பிறகுதான் அனுப்புவாள். அதைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நரிக்கூண்டின் முன்னால் முடித்துவிட்டார்கள். அதற்கு இந்த மனுஷன் தலையாட்டியிருக்கிறான்!

கால்வலி போன இடம் தெரியவில்லை. பாதையைச் சுற்றி ஓடாத குறையாகப் போய், பழனியின் முழங்கையைப் பிடித்து, ரத்னம்மாவின் கண்ணில் படாதபடி முள்ளம்பன்றிக் கூண்டுக்குப் பின்னால் இழுத்தாள்.

"இன்னாய்யா சொன்னாரு அந்த ஆளு ஒன்னான்ட?" என்று குரல் எடுக்காமல் உதட்டால் கேட்டாள்.

பழனி அவள் வாயைப் பார்த்தபடி யோசித்தான். "நரியப் பத்தி சொல்லிக்கினு இருந்தாரு."

"நரியப் பத்தியா?"

"நரியப் பாத்துக்கினேதான பேசினாரு? வேற எதப் பத்திப் பேசுவாரு? நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். பெரிய மனுசன் பேசறப்போ, காது கேக்கலன்னு சொல்லிக்கினு இருக்க முடியுமா? பொண்ண வேணாம்னுட்டா இன்னாமே பண்றது?"

கங்கம்மாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழனிக்குக் காது போய்ப் பல வருஷம் ஆகிறது. முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் புரியும், அதனால் வெளியாருக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தலையாட்டிவிடுவான். எந்த ஆளாவது, ஒரு வீட்டின் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, பெண்ணின் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் நரியைப் பார்த்துக்கொண்டு பேசுவானா? பார்த்துச் சொல்ல வாய் கூசியிருக்கிறது. கூசுகிற சேதியை எதற்குச் சொல்லவேண்டும்?

"அவுரு சொன்னது நரியப் பத்தி இல்ல" என்றாள். என்ன சொன்னார் என்று சொன்னாள். பழனியின் முகம் செத்துவிட்டது. தப்பு பண்ணிட்டனா என்று கேட்டான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம். மகள் அழுதால் அழட்டும், நகரியில் ஆளா இல்லை? தரணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்தக் கேசரி டப்பாவையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது என்று கிளம்பினாள்.

மான் வளாகத்தின் வளைவில் திரும்பியதும் எதிர்க்கரையில் அந்த பெஞ்சு தெரிந்தது. சாய்குமாரின் முதுகுதான் இந்தப் பக்கம். தரணி அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் முழுசாகத் தெரிந்தது. மாமன் போட்ட நிபந்தனையை அவன் சொல்லியிருக்கவேண்டும், தலை குனிந்திருந்தான்.

"நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க?" என்றது தரணியின் உதடு. "உங்க மாமா கேட்டதுல தப்பில்ல. பிரசவத்துக்கு நான் நகரிக்குப் போக மாட்டேன். நானே எங்கம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்ல தைரியம் வரல."

கங்கம்மாள் நின்றுவிட்டாள்.

தரணி நிமிர்ந்து, சாய்குமாரின் தோளுக்கு மேலாக, நேராக அம்மாவைப் பார்த்தாள். அம்மா அங்கே நிற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. நேரில் சொல்ல முடியாததை அம்மாவின் கண்ணில் படும்படி சொல்லியிருக்கிறாள். பெற்ற பெண்ணின் தந்திரத்தைப் பாருங்கள்.

"இன்னாடி சொன்ன?" கங்கம்மாளின் உதடு கேட்டது. குரல் இல்லை.

"பாத்த இல்ல" என்றது அந்தக் கரை.

"என் வூடு ஒனக்கு ஆகாதா? ஒன்ன நான் எங்கடி வளத்தேன்? தறிக்குப் பக்கத்துல தூளி கட்டித்தானே வளத்தேன்? நீ செத்தா போய்ட்ட?"

"நான் அதுல பழகிட்டேன். அதாம்மா பயம். கொழந்தையும் பழகிடும். பழகிட்டா காது போறது தெரியாது. ஆஸ்பத்திரியில தெனம் பாக்கறேன்."

"ஒனக்கு நல்லாத்தான கேக்குது?"

"எனக்கும் எடது காது கொஞ்சம் கொறச்சல். ஒனக்குச் சொன்னா அழுவன்னு சொல்லல."

"பொய் சொல்ற. அந்தத் திருப்பதிக்காரி சொல்லிக்குடுத்தாளா?"

"நைனாவப் பாரும்மா" என்றது தரணியின் உதடு.

கங்கம்மாள் திரும்பினாள். முள்ளம்பன்றிக் கூண்டருகே அவள் விட்டுவந்த இடத்திலேயே பழனி நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தகப்பன், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, வழி விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பக் கேட்டான். பழனி நகரவில்லை. கடைசியில் அந்த ஆள் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, என்ன ஏது என்று தெரியாமலேயே சிரித்து, சரி சரி என்று தலையாட்டினான்.

கங்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆத்திரம் போய்விடவில்லை. யார்மேல் அதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. தறியின்மேலா? தறிதான் இந்தப் பெண்ணை நர்ஸாக்கியது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மானுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாவும் மகளும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இப்படியொரு சண்டை போட்டு முடித்தது ஒருவருக்கும் தெரியாது. மான்கள்கூட மேய்ந்துகொண்டிருந்தன.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேராக ரத்னம்மாவிடம் நடந்தாள். விஜயராகவனும் அங்கேதான் இருந்தார். அம்மா வருகிற வேகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கரையிலிருந்து தரணி எழுந்து ஓடிவந்தாள். சாய்குமார் பின்னாலேயே வந்தான்.

"மொதல் பிரசவம் ஒங்க வூட்டுலயே நடக்கட்டும்மா" என்றாள் கங்கம்மாள். அடக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் வந்தது. மான்கள் மறுபடி ஓடின. "என் வூட்டுக்காரரு தலையாட்டினத நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு. பிரசவம் பாக்கறது பெத்தவ வேல. அத எவளுக்கும் வுட்டுத் தர மாட்டேன். எட்டாம் மாசம் பொறந்ததும் நான் ஒங்க வூட்டுக்கு வந்துடுவேன். கொழந்தைக்கு மூணு மாசம் ஆகற வரைக்கும் அங்கதான் இருப்பேன். பத்தியம் நான்தான் ஆக்குவேன். கொழந்தைய நான்தான் குளிப்பாட்டுவேன். என் தொண்ட இப்படித்தான் இருக்கும். அத நகரியில கழட்டி வச்சிட்டு வர முடியாது."

காவல்காரப் பெண் தூரத்திலிருந்து விசில் அடித்தாள்.

விஜயராகவன் கையைத் தணித்துக் காட்டி, "அதெல்லாம் அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம்மா" என்றார்.

"அப்புறம் பேசறதா இருந்தா, அவுரான்ட மட்டும் இன்னாத்துக்கு இன்னிக்கே பேசினீங்கோ? அதுவும் நரியப் பாத்துக்கினு? என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் வரலாமா, வரக்கூடாதா?"

விஜயராகவன் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடி நரிக்கூண்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தரணி மூச்சு வாங்க வந்து நின்றாள். கங்கம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். ஊரைக் கூட்டிப் பேசியவளுக்கு, மகளிடம் கேட்கவேண்டியதைக் கேட்க மட்டும் குரல் எழவில்லை. உதடுதான் அசைந்தது.

"வூடு வேணாம்னுட்ட. நானும் வேணாமா?"

"எவ சொன்னா அப்படி?" என்று தரணி கத்தினாள். ஹாஸ்டலும் ஆஸ்பத்திரியும் இத்தனை வருஷம் அமுக்கி வைத்திருந்த நகரித் தொண்டை அது. உடும்புக் கூண்டருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு மாசம் இன்னாத்துக்கு? அஞ்சு மாசம் இரு! நைனாவையும் கூட்டிக்கினு வா! நீ வரலன்னா நான் புள்ளையே பெத்துக்கல, போ!"

மறுபடியும் விசில் அடித்தது. சாய்குமார் சிரிப்பை அடக்கத் தெரியாமல் குனிந்துகொண்டான். பெண் பார்க்க வந்த ரத்னம்மா, அப்போதுதான் பெண்ணை நன்றாகப் பார்த்தாள்.